மூன்றால் வகுக்கும் வேன்காரர்

விலையைக் கேட்டு அதிர்ச்சி அடையாத ஆள் மலேசியாவின் ஜொகூரில் கிடையாது. ஆனால் அந்த அதிர்ச்சிக்குப் பழக்கிவிட வாரம் ஒரு முறை பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்த ஆள் ஒருவர்தான். எங்கள் ஊர் செடெனாக்கில் அவருக்கு லெபே குராங் அண்ணன் என்று பெயர். மலாயில் லெபே குராங் என்றால் ஏறக்குறைய. அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கும். யாரும் கேட்டதில்லை.

அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நான் மினி மார்க்கெட்டில் கவுண்டரில் இருக்கிறேன். என் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. எனக்குப் பேச்சு குறைவு. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் பாதி வீட்டில் அப்பா சிங்கப்பூரில் வேலை. சில வீட்டில் அம்மாவும். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போனால் இருட்டித்தான் வருவார்கள். அதனால் அரிசி, முட்டை, சோப்பு வாங்குவது பிள்ளைகள் வேலை. ஐம்பது வெள்ளியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம். புதன்கிழமை பள்ளி விட்டதும் வேன் எங்கள் கடை வாசலில் நிற்கும். பிள்ளைகள் இறங்கி வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். என் மகள் யாழினியும் அந்த வேன்தான்.

ஒரு புதன்கிழமை பிள்ளைகள் உள்ளே வந்த விதமே சரியில்லை. எல்லாரும் ஒரு கையால் கூடையைப் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு கை மூடியிருக்கிறது. இத்தனை வருஷம் கவுண்டரில் இருந்தவளுக்கு மூடின கை என்றால் ஒரே அர்த்தம்தான். அதில் ஒரு கை என் மகளுடையது.

முதலில் வந்தவன் கவின். மூன்றாம் வகுப்பு.

"கைய தொற."

திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"போச்சு ஆண்ட்டி. முப்பது வச்சிருந்தேன். தொறக்க சொல்லி கொட்டிட்டீங்க."

பின்னால் வந்த லெபே குராங் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பிள்ள கணக்க கலைச்சிட்டியே. அவன் மறுபடியும் முட்டைலேருந்து வரணும்."

அப்புறம் விளக்கினார். ஒரு விரல் மடக்கினால் பத்து வெள்ளி. நாலு தொண்ணூறு என்று போட்டிருந்தால் அது அஞ்சு. மூணு எண்பதும் ஆறு பத்தும் பக்கத்தில் வந்தால் ஜோடி, ஒரு விரல். சில்லறையைப் பார்க்கக் கூடாது. ஒரு கை மூடிவிட்டால் ஐம்பது தீர்ந்தது. கவுண்டருக்கு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு மிட்டாயைக்கூடத் தொடக் கூடாது.

"மெஷின் இருக்குல்ல அண்ணே. அதுவே கூட்டும்" என்றேன்.

"மெஷின் கடைசியில சொல்லும். கடைசியில தெரிஞ்சு என்ன செய்ய? மானம் போனப்புறம் சட்டை போட்ட மாதிரி."

சொல்லிவிட்டு மெஷினின் சிவப்பு வெளிச்சத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "பிள்ளைங்க மொதல்ல சொல்லட்டும். அப்புறம் நீ அடி."

வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தொகையைச் சொன்னார்கள். நான் அடித்தேன். என் மகள் நாற்பத்து நாலு என்றாள். நாற்பத்து மூன்று எழுபது வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டில் அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது.

கடையின் சீன முதலாளி தௌக்கே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். கடையில் தமிழாட்களோடு பழகிப் பழகி அவருக்கும் தமிழ் வரும்.

"என்னா இது? எங் கடை ஸ்கூலா லா?"

"ஸ்கூல்னா பீஸ் வரும் தௌக்கே. இது தர்மம்" என்றார் அண்ணன்.

இனி ஒவ்வொரு புதனும் இதுதான். யார் தொகைக்குப் பக்கத்தில் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஐஸ் குச்சி. யார் ரொம்பத் தூரமோ அவர் காசு கொடுக்க வேண்டும். அண்ணனும் தன் கூடைக்குத் தொகை சொல்வார். இங்கேதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. ஐஸ் குச்சிக்கு ஒவ்வொரு வாரமும் காசு கொடுத்தவர் அவர்தான்.

கொஞ்சநஞ்சத் தூரம் இல்லை. ஒரு நாள் டிராலி நிறைய அரிசி, பால் டின், சவர்க்காரத் தூள், நாலு சார்டின் மீன் டின், இறால் பாக்கெட் என்று தள்ளிக்கொண்டு வந்து, "முப்பது, முப்பத்தஞ்சு" என்றார். கவின் தரையில் உட்கார்ந்து சிரித்தான். நான் அடித்தேன். நூற்றுப் பன்னிரண்டு. அண்ணன் முகத்தில் ரத்தம் இல்லை. "அலமாக்" என்றார். அது மலாய் ஐயையோ. பையில் ஐம்பதுதான் இருந்தது. அவர் வீட்டுக்கார அம்மா அதற்கு மேல் கொடுப்பதில்லை. இறாலை எடுத்து வைத்தார். பாலை எடுத்து வைத்தார். பிள்ளைகள் சுற்றி நின்று, "இன்னும், அண்ணே, இன்னும்" என்று ஏலம் போட்டார்கள்.

நீச்சல் தெரியாதவர் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாரே என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். அன்று அவரே சொன்னார், பொருளைத் திரும்ப அடுக்கிக்கொண்டே. வெட்கம் ஒன்றும் இல்லை.

"அக்கரையில, சிங்கப்பூரு கப்பல் பட்டறையில இருவத்திரெண்டு வருசம்மா. அங்க ஒரு டாலரு, இங்க மூணு வெள்ளி. எந்த வெலய பாத்தாலும் தல தானா மூணால வகுத்துடும். பதினெட்டு வெள்ளியா, ஆறு டாலர்தானேன்னு கை போயிடும். வேலய விட்டுட்டு மொத்தமா பணம் கொண்டாந்தேன். இங்க எல்லாமே மூணுல ஒரு பங்கு வெலயா தெரிஞ்சுது. கூட சாப்பாட்டு கடைக்கு வந்தவனுக்கெல்லாம் என் செலவு. மச்சானுக்கு மோட்டார். கோயிலுக்கு கதவு. வீட்டுக்கு டைல்ஸ், அது ரெண்டு தடவ."

"ரெண்டு தடவயா?"

"மொதோ கலர் பிடிக்கல. நாலாயிரம் டாலர்தானேன்னு ஒடைச்சிட்டேன். டாலர் எங்க இருந்துச்சு? எல்லாத்தையும் ரிங்கிட்டா மாத்தி வச்சிருந்தேன். ரெண்டு வருசம் தாங்கல. மிச்சம் அந்த வேனு."

வேனைப் பார்த்தேன். ஒரு பக்கக் கதவு வேறு நிறம்.

"இதுங்க அப்பனாத்தா இப்ப அங்கதான் சம்பாதிக்கிறாங்க. பிள்ளைங்க தலைக்குள்ளயும் அந்த மூணு ஏறிடும் லா. ஏறிட்டா எறங்காது. எனக்கு எறங்கலயே."

நான் ரெசிட்டைக் கிழித்துக் கொடுத்தேன். என் புருஷனும் அக்கரைதான்.

பாடம் கடைக்குள் இருந்தவரை பரவாயில்லை. வெளியே கிளம்பியது.

பள்ளியில் பரீட்சை. முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டும் இருநூற்று மூன்றும் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். என் மகள் எழுதியது: "அறுநூறு வரும். போதும் டீச்சர்." டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். வேனில் வரும் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ஒரு பையன் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: "இவ்வளவுக்கு மேல் வாங்க வேண்டாம்." டீச்சர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தார். நான் "சரிங்க டீச்சர்" என்று எழுந்து வந்தேன்.

கோயிலில் அர்ச்சனைத் தட்டு விற்பவரிடம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தேங்காய், பழம், வெற்றிலை எல்லாவற்றையும் ஜோடி சேர்த்துவிட்டு, "எட்டுதான் வருது மாமா, பதினஞ்சு போட்டிருக்கீங்க, சாமிக்கு எவ்ளோ?" என்று கேட்டதாம். அவர் ஒரு வாரம் வேன் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் ஊர் சிரித்த கதை. சிரிக்காத கதை கல்யாண மண்டபத்தில் நடந்தது.

கவினின் அம்மா ஜெயந்தி. பெற்றோர் கூட்டத்தில் அவள் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். புருஷன் சிங்கப்பூரில் சூப்பர்வைசர். அன்று ஊதா நிறத்தில் ஒரு சேலை கட்டியிருந்தாள். பந்திக்கு முன்னால் பெண்கள் நாங்கள் ஒரு வட்டமாக உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி முந்தானையைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்.

"நல்லாருக்கே. எவ்ளோ எடுத்தீங்க?"

"கிளாங்ல பெரிய கடையில எடுத்தது. அவரு எடுத்துக் குடுத்தாரு. எண்ணூறு."

எனக்குத் துணி தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஜெயந்தி மடியில் சாய்ந்திருந்த கவினும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆறு விரலைக் காட்டினான்.

"அறுநூறா தம்பி?" என்றாள் அந்த அம்மா.

"இல்ல ஆண்ட்டி. அறுவது. பாசார் மாலாம் ராத்திரி சந்தைல நானும் கூட போனேன். அறுவத்தஞ்சு சொன்னான், மம்மி கொறைச்சாங்க."

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஜெயந்தி முகம் சேலை நிறத்துக்கு வந்தது. பந்திக்கு இருக்கவில்லை. பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அண்ணன் போனுக்கு அவளிடமிருந்து தகவல்: என் மகன் இனி உங்கள் வேனில் வரமாட்டான். அந்த வாரக் கடைசிக்குள் அவனோடு சேர்ந்து பத்துப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மாதம் பாதியில் எல்லாம் பக்கத்து ஊர் கூலாய்க்காரர் ஒருவரின் வேனுக்கு மாறிவிட்டது. ஏசி வண்டி. எங்கும் நிற்காது.

அண்ணன் வேனில் மிச்சம் இருந்தது யாழினி மட்டும்.

ஏன் நீ மட்டும் மாற்றவில்லை என்று பலர் கேட்டார்கள். வேறு வேன் தேட நேரம் இல்லை என்று சொன்னேன்.

அந்த நாட்களில் காலையில் அவர் வந்து நிற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். பன்னிரண்டு பேர் உட்கார்கிற வண்டி. உள்ளே ஒரு குடுமி. ஆனாலும் ஆறேகாலுக்கு வருவார். ஹாரன் அடிப்பார். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். அவள் ஒருத்தி, "ஏறியாச்சு" என்பாள்.

"அண்ணே, பெட்ரோலுக்கே கட்டாதே" என்றேன் ஒரு நாள்.

"எவ்ளோ பெரிய காசு. ஒரு நாளைக்கு மூணு டாலரு" என்றார்.

"அண்ணே."

விரலை மடக்கிப் பார்த்தார். "ஆமா லா" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தீபாவளிக்குப் பிறகு வேனை விற்றுவிடப் போகிறார் என்று யாழினி வந்து சொன்னாள். சிம்பாங் ரெங்கத்தில் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் அன்று இரவு சோறு சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள். கடையில் நிற்க இடம் இல்லை. பிள்ளைகளுக்கு லீவு, எல்லாரும் அம்மா பின்னால் வந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு லைன் அறுந்துவிட்டது. கார்டு இல்லை, போனில் காட்டுவது இல்லை. காசு மட்டும் என்று அட்டையில் எழுதி வாசலில் ஒட்டினேன். பண்டிகை நேரத்தில் யார் அட்டையைப் படிக்கிறார்கள்.

ஜெயந்தி இரண்டு டிராலியோடு வந்தாள். ஒன்றை அவள் தள்ளினாள், ஒன்றைக் கவின். போனஸ் வந்திருந்தது என்று நினைக்கிறேன். முந்திரி, பாதாம், நெய் டின், பிஸ்கட் பெட்டிகள், சோடா அட்டை அட்டையாக. பையன் ஒரு கையால் அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான்.

"மம்மி, ரெண்டு கையும் மூணு தடவ மூடிட்டேன்."

"வாய மூடு மொதல்ல. அந்த பைத்தியக்கார கணக்க வீட்டுக்குள்ள கொண்டாராதன்னு சொன்னேன்ல."

"முந்நூறு தாண்டிடுச்சு மம்மி."

"டாடி காசு. ஒனக்கென்ன?"

நான் அடித்தேன். நானூற்றுப் பதினைந்து. அவள் கார்டை நீட்டினாள். நான் அட்டையைக் காட்டினேன். பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். முந்நூறு இருந்தது. போனை எடுத்தாள். லைன் இல்லை.

வரிசை கடை வாசல்வரை. எல்லாம் தெரிந்த முகம். கல்யாண மண்டபத்தில் இருந்தவர்களும் இருந்தார்கள். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஜெயந்தி கழுத்தில் வேர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது. எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தௌக்கே கடன் எழுத விடமாட்டார்.

அவளுக்கு நேர் பின்னால் நின்ற ஆளை அப்போதுதான் பார்த்தேன். ஒரு நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு லெபே குராங் அண்ணன்.

"எவ்ளோ கொறையுது?" என்றார்.

ஊரில் அவர் பிழைப்பைக் கெடுத்தவள் அவள். வரிசையே பார்த்தது.

"நூத்தி பதினஞ்சு."

"இதுக்குத்தானா எல்லாரும் நிக்கிறீங்க?" என்றார். சட்டைப் பையிலிருந்து ஐம்பது வெள்ளித் தாளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "எடுத்துக்கம்மா. மிச்சத்த அவங்ககிட்டயே குடுத்துடு. பண்டிக நாளு."

ஜெயந்தி அவரைப் பார்த்தாள். அவர் பெரிய மனதோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது என் வேலை.

"அண்ணே. ரிங்கிட்டு."

அவர் தலை மெதுவாக இறங்கியது. தாளைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். உதடு ஏதோ வகுத்தது. பிறகு பெருக்கியது.

"அலமாக்" என்றார்.

அவ்வளவுதான். முதலில் சிரித்தது கவின். அப்புறம் வரிசையில் அங்கங்கே நின்ற வேன் பிள்ளைகள் எல்லாம். அம்மாக்கள் கையை உதறிவிட்டு முன்னால் ஓடி வந்தார்கள். என் மகள் சாமான் அடுக்கிற இடத்திலிருந்து வந்தாள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

"பாதாம் வெளிய."

"முந்திரி ஒண்ணு போதும்."

"நெய்யி வேணும்டா, பலகாரம் சுடணும்ல. சோடாவ எடு. அட்ட ரெண்டு போதும்."

"பிஸ்கட் பெட்டி இருவத்தி மூணு. இருவத்தஞ்சுன்னு வை. ரெண்ட எடுத்தா அஞ்சு வெரல்."

கவின் பொறுப்பாக நின்று விரலைத் திறந்துகொண்டே போனான். கடைசி விரலில் நிறுத்தினான்.

"இப்ப அடிங்க ஆண்ட்டி. முந்நூறுக்குள்ள வரும்."

எடுத்ததையெல்லாம் கழித்து அடித்தேன். இருநூற்றுத் தொண்ணூற்றாறு. கடையில் யாரோ கை தட்டினார்கள். தௌக்கே.

ஜெயந்தி காசைக் கொடுத்தாள். மிச்சத்தை வாங்கினாள். கவுண்டரில் கிடந்த ஐம்பது வெள்ளியை எடுத்து, மடிப்பை நீவி, அண்ணன் கையில் வைத்தாள்.

"நீங்க எதுக்கண்ணே எடுத்து வச்சீங்க? நான் செஞ்சதுக்கு."

"கொறைஞ்ச காசத்தான் பாத்தேன். ஆளயெங்க பாத்தேன்" என்றார் அவர். "அதயும் சரியா பாக்கல."

அவள் சிரிக்கப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. குனிந்து பையைத் தூக்கிக்கொண்டாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"ஸ்கூல் தொறந்தா வேன் வருமா?"

"ஒரு பிள்ளைக்கே வந்துச்சு. ரெண்டு பிள்ளைக்கு வராதா?"

"ரெண்டு இல்லண்ணே. நான் பேசுறேன் மத்தவங்ககிட்ட."

அவர் தலையாட்டினார். நல்லெண்ணெய்க்குக் காசு கொடுக்காமலே போய்விட்டார். நான் என் காசைப் போட்டுக்கொண்டேன்.

சிம்பாங் ரெங்கத்துக்காரர் அப்புறம் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனாராம். கடைசியில் வேறு வேன் வாங்கிக்கொண்டார். அண்ணன் இன்னும் தப்பாகத்தான் சொல்கிறார். போன வாரம் நூற்று நாற்பதை நாற்பத்தைந்து என்றார். ஐஸ் குச்சி வாங்கிக் கொடுத்தார்.

லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று கடை சாவி என்னிடம் இருந்தது. ஷட்டர் முன்னால் குனிந்தேன். தூரத்தில் ஹாரன் கேட்டது. நிமிர்ந்துவிட்டேன். வேன் போனது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். உள்ளே ஏதோ சண்டை. அது வளைவு திரும்பி மறையும்வரை நின்று பார்த்தேன். கடையைத் தாமதமாகத் திறந்ததற்குத் தௌக்கே காரணம் கேட்டார். சாவி திரும்பவில்லை என்று சொன்னேன்.